வீடுகளுக்கு வந்த கடிதம்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, விம்பிள்கோட் என்கிற ஆங்கிலேயக் கிராமத்தின் வீடுகள் எல்லாம் எழுந்து கூட்டத்துக்குப் போயின. அதற்குக் காரணம் நைஜல் என்ற ஒரு மனிதரின் அளவு மீறிய ஒழுங்குதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள், சிலர் தண்ணீர்க் குழாய்க்காரர்களைக்கூடக் குறை சொன்னார்கள், அதெல்லாம் வீண்பேச்சு.

நைஜல் ஊர்மன்றத்தின் எழுத்தர். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், இரண்டும் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று காலுறைக்குள் மூன்றாவது ஒன்றும் வைத்திருப்பார். அந்த வருடம் ஏப்ரலில் அவரைப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பி, மக்களுடைய சொந்த விவரங்களைப் பாதுகாப்பது எப்படி என்று அரைநாள் பயிற்சி கொடுத்தார்கள். அனுமதி இல்லாமல் ஒருவருடைய பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று நைஜல் அங்கே புரிந்துகொண்டார். அப்படி அங்கே யாரும் சொல்லவில்லை, இவர்தான் ஒரு படி மேலே போய்ப் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து ஊர்மன்றத்தின் கடிதங்களில் மனிதப் பெயர் எதுவும் இருக்காது. வீட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

விம்பிள்கோட்டில் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, பெயர்தான். பழைய பட்டறை, பழைய பேக்கரி, பழைய பள்ளிக்கூடம், பழைய பாதிரியார் இல்லம் என்று தெரு முழுக்கப் பழையது. பழைய பட்டறையில் யாரும் இரும்பு அடிப்பதில்லை, ஒரு பல்வைத்தியர் குடியிருந்தார். பழைய பேக்கரியில் பாண் சுட்டு எண்பது வருடமாயிற்று. பழைய பாதிரியார் இல்லத்தில் இருந்தவர் ஊர்மன்றத் தலைவி திருமதி பென்ஃபோல்ட், அவர் தேவாலயத்துக்கு வருடத்தில் ஒருமுறை, நத்தார்ப் பண்டிகைக்குத்தான் போவார். ஒரு கட்டடம் தன் வேலையை விட்டு எவ்வளவு காலமாயிற்றோ அவ்வளவுக்கு அந்த ஊரில் அதற்கு மரியாதை. வேலையை விட்ட மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது என்பதைத் தவநாயகம் ஓய்வு பெற்ற மறுவாரமே கண்டுகொண்டார்.

தவநாயகம் கரவெட்டியில் பிறந்து, கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். அவரும் மனைவி மங்கையர்க்கரசியும் இருந்த வீட்டுக்குப் போலீஸ் வீடு என்று பெயர். 1964ஆம் ஆண்டில் ஊர்க் கான்ஸ்டபிளுக்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த இரண்டு மாடிச் செங்கல் பெட்டி அது, தட்டைக் கூரை, மேல்மாடியில் கான்ஸ்டபிள் நின்று ஊரை உளவு பார்க்க ஒரு பால்கனி. முன்னால் நின்று பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் அது ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒளிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. ஊரின் அழகை வாழ்த்து அட்டையாக அச்சடிக்கும்போதெல்லாம் திருமதி பென்ஃபோல்ட் அந்த வீட்டை மட்டும் கத்தரித்துவிடுவார். அட்டையில் அந்த இடத்தில் ஒரு மரம் இருக்கும். எல்லா வருடமும் அதே மரம்.

போன அக்டோபரில் மங்கையர்க்கரசி தோட்டத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். உயிர் தப்பிற்று, வாயும் தப்பிற்று, கால்கள் இரண்டும் போய்விட்டன. படுக்கையறையும் குளியலறையும் மேல்மாடியில். படிக்கட்டு ஒல்லி, நடுவில் ஒரு முறுக்கு வேறு, படியில் ஏறி இறங்குகிற மின்நாற்காலி பூட்ட வந்தவன் மூன்று தரம் அளந்து பார்த்து, தேநீர் குடித்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஆகவே மங்கை பதினெட்டு மைல் தள்ளி மேப்பிள் கோர்ட் என்ற பராமரிப்பு இல்லத்தில் எட்டு மாதமாகக் கிடந்தார். ஜூன் முப்பதுக்குள் வீட்டில் கீழ்த்தளத்தில் படுக்கையறை தயாராகும் என்று எழுத்தில் காட்டாவிட்டால், அவரை மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் கடற்கரை ஊர் ஒன்றுக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவார்கள். தவநாயகத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருக்கு எழுபத்திரண்டு வயது.

வீட்டின் பின்வளவில் ஒரு சின்ன அறை கட்ட அனுமதி கேட்டு இரண்டு தரம் விண்ணப்பம் போட்டார். முதல் தரம், அது ஊரின் தோற்றத்துக்குப் பொருந்தாது என்றார்கள். இரண்டாம் தரம், ஒரு முக்கியமான காட்சியை அது மறைக்கும் என்றார்கள். எங்கே நின்று பார்த்தால் தெரிகிற காட்சி என்று யாரும் கேட்கவில்லை, தவநாயகமும் கேட்கவில்லை.

"நீங்கள் ஏன் அவையளுக்கு முன்னால புழுவாட்டம் நெளியுறியள்? சத்தம் போட்டுக் கேளுங்கோவன்" என்று மங்கை தொலைபேசியில் சீறினார்.

"சத்தம் போட்டா இஞ்ச ஆக்கள் முகத்தையே பாக்க மாட்டினம், மங்கை. கடைசியா ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

"போடுங்கோ, போடுங்கோ. உங்களுக்கென்ன, கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்ல வீட்டில ஆளில்லை. நல்ல வசதி."

எட்டு மாதமாகத் தவநாயகம் கறி வைக்கவேயில்லை, பாணும் ஜாமும்தான் சாப்பிட்டார். தனக்கு அவளில்லாமல் வாழ வராது என்பதை நாற்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவளிடம் அவர் சொன்னதில்லை, இப்போது தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது விண்ணப்பம் போயிற்று. அந்த ஊர் வழக்கப்படி, யாராவது ஒரு செங்கல்லை அசைப்பதென்றாலும் சுற்றுவட்டாரத்துக்குக் கடிதம் போடவேண்டும், ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து மூன்று நிமிடம் பேசலாம். நைஜல் இருநூறு மீட்டருக்குள் இருந்த கட்டடங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்புள்ள பழைய பட்டறைக்கு, என்று எழுதினார். அன்புள்ள பழைய பேக்கரிக்கு. அன்புள்ள புனித ஆஸ்வின் தேவாலயத்துக்கு. தங்கள் அயலில் நடக்கவிருக்கும் மாற்றம் குறித்துத் தாங்கள் நேரில் வந்து கருத்துத் தெரிவிக்கலாம், தயவுசெய்து வரிசையில் நிற்கவும். பட்டியலில் பஸ் கொட்டகையும் இருந்தபடியால் அதற்கும் ஒன்று எழுதி அதன் தூணில் ஒட்டினார். விண்ணப்பித்த போலீஸ் வீட்டுக்கும் ஒரு பிரதி போட்டார், அது விதி.

அந்த வீடுகளின் கதவுத் துவாரங்கள் வழியாக நூறு வருடமாக எத்தனையோ கடிதம் விழுந்திருக்கிறது. எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு வந்தவை. தங்களுக்கென்றே வந்த முதல் கடிதம் அதுதான். அதுவும் அன்புள்ள என்று தொடங்கிய கடிதம்.

ஆகவே சனிக்கிழமை பத்து மணிக்கு முதலில் பஸ் கொட்டகை எழுந்தது, அதற்கு அத்திவாரம் என்று பெரிதாக எதுவும் இல்லாததால் சுலபமாக எழுந்தது. பிறகு பழைய பட்டறை எழுந்தது, பிறகு பழைய பேக்கரி அடுப்புக்கல் குலுங்க எழுந்தது, பிறகு பழைய பள்ளிக்கூடம் எழுந்தது, வைக்கோல் கூரை போட்ட மூன்று குடிசைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எழுந்தன, மதுக்கடை தன் பீப்பாய்களோடு எழுந்தது, பழைய பாதிரியார் இல்லம் தோட்டத்து ரோஜாக்களைத் தாண்டிக் காலெடுத்து வைத்தது, எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொள்ளாயிரம் வருடத்துத் தேவாலயம் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்த கிழவியைப்போல் மெல்ல மெல்ல எழுந்து, அடிக்கு ஒருதரம் மணி அடிக்க, கல்லறைகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தது. மணி அடித்த ஒவ்வொரு தடவையும் பாதிரியார் கோபுர ஜன்னலால் தலையை நீட்டித் தெருவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

யாரும் அலறவில்லை. தபால்காரன் வரிசையோடு கூடவே நடந்து அன்றைய கடிதங்களைக் கொடுத்து முடித்தான். நாய்கள் வெறும் நிலத்தை ஒருதரம் முகர்ந்துவிட்டு மோட்டார்சைக்கிளுக்குக் குரைப்பதைத் தொடர்ந்தன. பட்டறை எழுந்த நேரத்தில் பல்வைத்தியர் குளியல் தொட்டியில் இருந்தார். பட்டறை திடலுக்கு வந்து சேர்ந்ததும் அவர் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, "மன்னிக்க வேண்டும், யாராவது ஒரு துவாய் தர முடியுமா? அவசரமில்லை" என்றார். வெயில் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள், பிற்பகல் மழை வரலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

கூட்டம் நடக்கவேண்டிய ஊர் மண்டபம் 1962இல் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டியது, அதற்குள் ஒரு தேவாலயத்தை உட்காரவைக்க முடியாது. நைஜல் யோசித்துவிட்டுக் கூட்டத்தைக் கிரிக்கெட் திடலுக்கு மாற்றினார். அங்கேதான் அன்றைய ஒரே சண்டை நடந்தது. திடலைப் பராமரிக்கும் ரோஜர் கயிற்றோடு ஓடிவந்து நடுப்பகுதியைச் சுற்றி வேலி கட்டி, "எந்தக் காலத்துக் கட்டடமாக இருந்தாலும் சரி, ஆடுகளத்தில் கால் வைக்கக் கூடாது" என்று கத்தினார். கட்டடங்கள் கயிற்றை மதித்தன. மதுக்கடையும் வந்திருந்தபடியால், கூட்டத்துக்கு ஆட்கள் வருவதில்லை என்கிற வழக்கமான குறை அன்று இல்லை.

வரிசையில் முதலில் நின்றது பஸ் கொட்டகை, ஏனென்றால் அதுதான் முதலில் வந்தது. தேவாலயம் கடைசியில் நின்றது. தொள்ளாயிரம் வருடம் மூத்ததை முன்னுக்கு விடலாமே என்று பாதிரியார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், ஊரே அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அந்த நாட்டில் ராணிமார் தலையை வெட்டியிருக்கிறார்கள், வரிசையைக் குழப்பியது கிடையாது.

தவநாயகம் காலை எட்டு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கோப்போடு மண்டபத்துக்கு வந்துவிட்டவர், இப்போது திடலில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு நடுவில் திருமதி பென்ஃபோல்ட், முத்துமாலை, நிமிர்ந்த முதுகு. அவருக்கு அன்று நல்ல உற்சாகம்.

"இந்த ஊரின் உண்மையான குடிகள் இவர்கள்தான்" என்று அவர் கட்டடங்களைக் கையால் காட்டினார். "நவீனக் கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே சொல்லட்டும். நைஜல், நேரத்தைத் தொடங்குங்கள்."

நைஜல் முட்டை அவிக்க வைக்கிற கடிகாரத்தை முறுக்கி வைத்தார்.

பஸ் கொட்டகை ஒன்றும் பேசவில்லை. கட்டடங்களுக்குப் பேச வராது. அது செய்ததெல்லாம், நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பித் தன் முதுகைக் காட்டியதுதான். கொங்கிரீட் முதுகில் கத்தியால் செதுக்கிய இதயங்கள். பெரிய இதயத்துக்குள் பென்னி, ரோஜர், 1974 என்று இருந்தது. திருமதி பென்ஃபோல்டின் முதற்பெயர் பெனலபி, சுருக்கினால் பென்னி, என்பது ஊருக்குத் தெரியும். ரோஜர் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

அடுத்ததாகப் பழைய பட்டறை திரும்பியது. முன்பக்கம் நானூறு வருடத்துக் கருங்கல், பின்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி அறை, சட்டிபோல மூன்று தொலைக்காட்சி ஏரியல். பல்வைத்தியர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பழைய பேக்கரி திரும்பியது. அதன் முதுகில் இரண்டு கார் விடுகிற அலுமினியக் கொட்டில். வைக்கோல் குடிசைகள் மூன்றும் திரும்பின, மூன்றுக்கும் பின்னால் சேர்த்து ஒரே தகரக் கூரை. பழைய பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நீச்சல் குளமே இருந்தது, தண்ணீர் தளும்பிக் கொஞ்சம் நைஜலின் சப்பாத்தில் விழுந்தது. தேவாலயமும் வெட்கத்தோடு திரும்பிற்று. வடக்குச் சுவரோடு ஒட்டி, பாடகர் குழுவுக்கென்று 1958இல் தகரத்தால் அடித்த கக்கூஸ் ஒன்று.

ஊரே சேர்ந்து "ஓ" என்றது. அந்த ஊரில் குண்டு விழுந்தாலும் அவ்வளவுதான் சொல்வார்கள்.

ஆனால் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய பழைய பாதிரியார் இல்லம் இன்னும் திரும்பவில்லை. தேவாலயத்தை முன்னே போகவிட்டுவிட்டு, போகலாமா வேண்டாமா என்று அது தயங்கி நின்றது. நைஜல் கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார். அது திரும்பியது. ஜார்ஜ் மன்னர் காலத்துத் தேன்நிறக் கல் வீட்டின் முதுகில், கார் விற்கிற கடை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சமையலறை வெயிலில் பளபளத்தது. உள்ளே சாப்பாட்டு மேசையில் திருமதி பென்ஃபோல்ட் பாதி கடித்து வைத்த பாண் துண்டுகூடத் தெரிந்தது.

நைஜல் கோப்பைப் புரட்டினார். முன்னிருந்து பின், பின்னிருந்து முன். "மன்னிக்க வேண்டும், தலைவி அவர்களே. இப்படி ஒரு சமையலறை பதிவில் இல்லை."

"அது தெருவிலிருந்து தெரியாது" என்றார் திருமதி பென்ஃபோல்ட். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

அப்போதுதான் தவநாயகம் எழுந்தார். இவ்வளவு நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, என்னுடைய அறை ஒரு முக்கியமான காட்சியை மறைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து பார்த்தால் மறைக்கும்?"

பதில் எல்லோருக்கும் தெரிந்தது. போலீஸ் வீட்டின் பின்வளவைப் பார்க்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கண்ணாடிச் சமையலறைதான். நைஜல் காலுறைக்குள்ளிருந்து மூன்றாவது பேனாவை எடுத்தார். இல்லாத சமையலறையிலிருந்து தெரிகிற காட்சி இல்லாத காட்சி, ஆகவே அதை மறைக்க முடியாது என்று எழுதினார். தவநாயகம் மங்கையின் போர்வைகளை எந்தக் கடையில் சலவைக்குப் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

ஆனால் நைஜல் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆட்சேபம் தெரிவிக்க வந்த கட்டடங்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை, ஆகவே கூட்டம் முறைப்படி நடந்ததா என்று மேலிடத்தைக் கேட்கவேண்டும், ஆகவே முடிவு செப்டம்பர் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. "அதோடு" என்று அவர் வருத்தமாகச் சொன்னார், "விண்ணப்பித்த போலீஸ் வீடு அழைப்புக் கிடைத்தும் வரவில்லை. அப்படியென்றால் விண்ணப்பமே இரத்தாகலாம்."

தவநாயகம் சுற்றிப் பார்த்தார். உண்மைதான். இருந்த இத்தனை வீடுகளில் தன் வீடு மட்டும் இல்லை. இந்த ஊரில் கழுத்தை நீட்டி ஒரு வார்த்தை சொல்லக்கூட அதற்குத் துணிவில்லாமல் போயிற்றே, என்னைப்போலவே இருக்கிறதே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. ஐம்பது ஆங்கிலேயருக்கு முன்னால் அவர் அழுதார். அவர்கள் மரியாதையாக வானத்தைப் பார்த்தார்கள்.

வானத்தைப் பார்த்தபடியால்தான் முதலில் கண்டார்கள். பெரிய சாலைப் பக்கமிருந்து ஒரு தட்டைக் கூரை வேலிக்கு மேலால் ஆடி ஆடி வந்தது. அதன் பின்னால் முப்பது நாற்பது வாகனங்கள், ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. போலீஸ் வீடு ஆட்சேபம் கேட்க வரவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது. மற்ற வீடுகள் எழும்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, தவநாயகம் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் புறப்பட்டுப் பதினெட்டு மைல் நடந்து மேப்பிள் கோர்ட்டுக்குப் போய், புல்வெளியில் பால்கனி தரையைத் தொடக் குனிந்து நின்று, யாரோ தாதி கையெழுத்து வாங்கிக்கொண்டு சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற, திரும்பி வந்துகொண்டிருந்தது. பால்கனியில், நாற்காலியில், கம்பளிச் சட்டையும் பொட்டுமாக மங்கையர்க்கரசி இருந்தார்.

"இஞ்சாருங்கோ!" என்று திடல் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். "சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு! இந்தக் கோலத்திலயோ இவ்வளவு சனத்துக்கு முன்னால நிக்கிறியள்?"

தவநாயகம் குனிந்து பார்த்தார். மாறித்தான் பூட்டியிருந்தது.

வீடு ஆடுகளத்தைச் சுற்றி, கயிற்றை மிதிக்காமல், தேவாலயத்துக்குப் பின்னால் வரிசையின் கடைசியில் வந்து நின்றது. நைஜல் கடிகாரத்தை முறுக்கினார், வேறென்ன செய்வது. போலீஸ் வீடு திரும்பவில்லை, திரும்பினாலும் அதே முகம்தான். அது பசு படுப்பதுபோல முன்னால் கொஞ்சம் சாய்ந்து, பின்னால் கொஞ்சம் சாய்ந்து, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. கீழ்மாடி முழுக்க மண்ணுக்குள் இறங்கிற்று. மேல்மாடி புல்லின் மட்டத்துக்கு வந்தது. பால்கனிக் கம்பி வேலிப் படலைபோலத் திறக்க, மங்கை தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு புல்லில் இறங்கினார்.

நைஜல் விதிப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வீட்டை உயர்த்துவதற்கு விதி இருந்தது, நீட்டுவதற்கு இருந்தது, இடிப்பதற்கு, வெள்ளையடிப்பதற்கு, கொடிக்கம்பம் நடுவதற்குக்கூட இருந்தது.

"வீடு உட்காருவதற்கு அனுமதி தேவையில்லை" என்று கடைசியில் அறிவித்தார். "விண்ணப்பதாரருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கின்றன. எழுத்தில் தருகிறேன்."

திருமதி பென்ஃபோல்ட் உட்கார்ந்துவிட்ட வீட்டை நெடுநேரம் பார்த்தார். இப்போது அதன் கூரைக்கு மேலால் தேவாலயக் கோபுரம் முழுசாகத் தெரிந்தது. "அவ்வளவு மோசமில்லை" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மழை தூறத் தொடங்கியதும் கட்டடங்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பிப் போயின. பழைய பாதிரியார் இல்லம் மட்டும் முதுகைத் தெருப் பக்கமாக வைத்தே நின்றுகொண்டது, எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. ஆகவே இப்போது ஒன்பதரை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் திருமதி பென்ஃபோல்ட் காலைச் சாப்பாடு சாப்பிடுவதைப் பார்க்கிறார்கள். முதல் மாதம் அவர் திரை போட்டார். இரண்டாம் மாதம் கையசைக்கத் தொடங்கினார். போலீஸ் வீடு உட்கார்ந்த குழியில் மழைநீர் நின்று வாத்துகள் வந்துவிட்டன, ரோஜர் அதை எல்லைக்கோட்டுக்கு வெளியே என்று அறிவித்துப் பிரச்சினையை முடித்தார்.

போலீஸ் வீடு தன் பழைய இடத்தில் போய், அங்கேயும் உட்கார்ந்தது. சமையலறை நிலத்துக்கு அடியில் போய்விட்டதால் தவநாயகம் படி இறங்கிச் சமைத்து, படி ஏறிச் சாப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த முதல் பிற்பகல் அவர் பருப்பும் சோறும் கொண்டுவந்தார். மங்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்புக் காணாது என்றார். அதைக் கேட்டதும் தவநாயகம் நாற்பத்தாறு வருடமாகச் சொல்லாததைச் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மங்கையைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு, தானும் மற்றப் பக்கம் படுத்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கோ. எனக்குச் சரியான களை."

"வீடெல்லோ நடந்தது. நீர் ஏன் களைச்சனீர்?"

"எட்டு மாதமா என்னை வந்து பாத்திட்டுப் போற ஆளுக்கே பஸ் மாறிப் போகுது, உந்த வீட்டுக்கு மட்டும் பாதை தெரியுமோ?" என்றார் மங்கை, கண்ணை மூடிக்கொண்டு. "பதினெட்டு மைலும் பால்கனியில இருந்து வழி சொன்னது ஆர்?"